பிஸ்கட்டின் இடுப்பு

லாரி வந்தது. நாய் குரைக்கவில்லை.

நான் மரவள்ளிப் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். காலை நேரம். ராத்திரி பெய்த மழையில் மண் கையில் அப்பிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் கோயில் முக்கில் லாரி நிற்கிறது. சிப்பாய்கள் இறங்குகிறார்கள்.

அப்படியே படுத்துவிட்டேன். மரவள்ளி அப்போது முழங்கால் உயரம்தான். படுத்துவிட்டால் நானும் அதற்குக் குறைந்த உயரம்தான்.

பூட்ஸ் சத்தம் வேலியோரம் வந்து நின்றது. ஒருத்தன் வேலியைப் பார்த்து ஒன்றுக்குப் போனான். நன்றாகவே போனான். பிறகு விசில் கேட்டது. போய்விட்டான்.

லாரி போன பிறகு கொட்டகைக்கு வந்தேன். பிஸ்கட் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை தரையில் தட்டியது.

"சோறுன்னா மட்டும் காது கேக்குதா உனக்கு?" என்றேன்.

அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

துரை விட்டுப் போனது

யுத்தத்துக்கு முன்னால் நான் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் தோட்டக்காரன். புல் வெட்டுவேன், பூச்செடி வைப்பேன், நாயைக் குளிப்பாட்டுவேன். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரையும் துரைசாணியும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நாயையும் என்னையும் விட்டுவிட்டார்கள். நாய் கொஞ்ச நாள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை.

மஞ்சள் நாய். பிஸ்கட் நிறம், அதனால் அந்தப் பேர். துரைசாணி அதற்கு மேசையிலிருந்தே ஊட்டுவாள். வெண்ணெய், முட்டை, ஆட்டுக்கறி. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது நாய் மாதிரி இல்லை. சின்ன சோபா மாதிரி இருந்தது.

அதைக் கூட்டிக்கொண்டு மலாக்காவில் காஜா பேராங் பக்கம் வந்தேன். தெய்வானை அக்கா வீட்டுப் பின்னால் ஒரு கொட்டகை காலியாக இருந்தது. நிலத்தில் மரவள்ளி போட்டுக் கொடுத்தால் தங்கிக்கொள்ளலாம் என்றார்.

அக்கா மலாக்கா செட்டி ஆள். பேர் தமிழ். கும்பிடுவது மாரியம்மனை. உடுத்துவது மலாய்க்காரி மாதிரி சாரோங் கெபாயா. பேசுவது மலாய். நான் தமிழில் பேசினால் பாதி புரியும். புரியாத பாதியைத் திட்டு என்று எடுத்துக்கொள்வார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், யுத்தத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டார். அக்கா பேசியதை இங்கே நான் தமிழில்தான் எழுதுகிறேன். மலாயில் இன்னும் காரமாக இருக்கும்.

வந்த முதல் வாரம் வாசலில் நின்று "பிஸ்கட், பிஸ்கட்" என்று கூப்பிட்டேன். நாய் வருவதற்கு முன்னால் தெருவே வந்துவிட்டது. கையில் தட்டோடு ஒரு சீனத்தி கூட வந்தாள். பிஸ்கட்டைப் பார்த்து மாசக்கணக்கான காலம் அது.

"பேரை மாத்து," என்றார் அக்கா. "இல்லாட்டி நாயை விட்டுட்டு உன்னைத் தின்னுடுவாங்க."

மாற்றவில்லை. அதற்கு வேறு பேர் தெரியாது.

நாய்க்கு இருந்த உத்தியோகம்

சயாமில் ரயில் போட ஜப்பான்காரன் ஆள் பிடித்த காலம். முதலில் நல்ல சம்பளம், நல்ல அரிசி என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பேர் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு லாரியில் வந்து பிடித்தார்கள். தமிழ் ஆள், இளவட்டம், கைகால் திடம் என்றால் போதும். எனக்கு மூன்றும் இருந்தது.

பிஸ்கட்டுக்கு லாரி ஆகாது. ஏன் என்று தெரியாது. கார் போனால் தூங்கும். மாட்டுவண்டி போனால் கொட்டாவி விடும். லாரி மட்டும் பெரிய ரோட்டில் திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும். வாசலுக்கு ஓடிப் போய் நின்று குரைக்கும். நான் பின்பக்கம் மூங்கில் புதருக்குள் போய்விடுவேன். லாரி போனதும் அது வந்து என்னைக் கூப்பிடும். இப்படியே பல தடவை தப்பித்தேன்.

மரவள்ளியில் பாதியை அதற்குக் கொடுத்தது பாசத்தால் மட்டும் இல்லை.

நான் பாத்தியில் படுத்த அன்றைக்குத்தான் குரைக்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் ஒரு லாரி வந்தது. அப்போதும் இல்லை. நல்ல வேளை, நான் புதர்ப்பக்கமே இருந்தேன்.

"மாலாஸ்," என்றார் அக்கா. சோம்பேறி என்று அர்த்தம். "வயசாச்சு. இல்லைன்னா ஜப்பான்காரன் பக்கம் சாஞ்சிடுச்சு. யாருக்காவது குடுத்துடு."

"யாரு வாங்குவாங்க?"

"வாங்குவாங்க. சட்டி வெச்சிருக்கவங்க வாங்குவாங்க."

அந்தக் காலத்தில் அது வெறும் பேச்சு இல்லை.

அப்பா எழுந்த மாதிரி

கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்குப் படிப்பு இல்லை. மூன்றாம் வகுப்போடு சரி. பார்ப்பதற்குப் படிப்பு வேண்டாம்.

அது ஊளையிடவில்லை. முனகவில்லை. அதனால்தான் எனக்குத் தோன்றவே இல்லை. வலி என்றால் கத்தும் என்று நினைத்திருந்தேன்.

காலையில் எழும்போது முன்னங்காலை முதலில் ஊன்றியது. பின்பக்கம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது. நடுவில் ஒரு நொடி அப்படியே நிற்கும். நின்று வேறு எங்கேயோ பார்க்கும், ஏதோ யோசிக்கிற மாதிரி. முதல் சில அடி விறைப்பாக வைக்கும். நடக்க நடக்கச் சரியாகும். மழை பெய்த மறுநாள் மோசம்.

அந்த எழுந்திருத்தல் எங்கேயோ பார்த்ததாக இருந்தது. யோசித்ததில் அப்பா.

அப்பா செங் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வாளி தூக்கியவர். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் வேலை போகும். காலையில் பாயை விட்டு எழும்போது கையை ஊன்றி, பாதியில் நின்று, "மழை வருமா?" என்று கேட்பார். தினமும் கேட்பார். வெயில் காலத்திலும் கேட்பார். நாங்களும் வானத்தைப் பார்த்துப் பதில் சொல்வோம். அவர் வானத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று புரிய எனக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வீட்டு முன்னால் இருக்கும் சாக்கடையை முன்பு தாண்டும். இப்போது தெருக்கோடி வரை போய்ச் சுற்றி வந்தது. உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. இடுப்பில் ஒரே இடத்தை நக்கி நக்கி அங்கே முடி துரு நிறமாகிவிட்டது. பின்னங்கால் நகம் தரையில் இழுபட்டுத் தேய்ந்திருந்தது. குளிர்ந்த காலையிலும் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தது. முதுகில் கை வைத்தால் உடம்பு இறுகும். கடிக்காது. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அன்றைக்கு லாரி போன பிறகு அது முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதனால்தான். நான் திமிர் என்று நினைத்தேன்.

குரைப்பது என்றால் அதற்கு வாசலுக்கு ஓடிக் குரைப்பதுதான். படுத்தபடி குரைக்கத் தெரியாது. துரைசாணி வளர்ப்பு. எழ முடியவில்லை, அதனால் குரைக்கவும் இல்லை.

வைத்தியம்

நாய்க்கு டாக்டர் இல்லை. மனுஷனுக்கே இல்லை.

மணலை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்தேன். முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நான் தாங்கினால் அதன் இடுப்பில் வைத்தேன். முதல் நாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. மூன்றாம் நாள் மணல் வறுக்கும் வாசனைக்கே வந்து படுத்துக்கொண்டது.

அக்காவிடம் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கேட்டேன்.

"எதுக்கு?"

"நாய் இடுப்புக்கு."

"எனக்கே தலைக்கு இல்லை. நாய்க்கு இடுப்புக்கா? நாளைக்கு அதுக்குப் பவுடர் கேப்பே."

திட்டிக்கொண்டேதான் ஊற்றினார். கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு, வலிக்கிற இடத்தைச் சுற்றி மெதுவாக நீவிவிடுவேன். வலிக்கிற இடத்திலேயே அமுக்கக் கூடாது. அமுக்கினால் உதட்டைத் தடவும். அதுதான் எனக்குக் கணக்கு.

சிமெண்டுத் தரை வழுக்கியது. சாக்கு விரித்தேன். சாக்கடை மேல் ஒரு பலகை போட்டேன். சோற்றுத் தட்டைக் கல் மேல் ஏற்றி வைத்தேன், குனிய வேண்டாம் என்று. ஒரே நடையாக நீளமாகக் கூட்டிப் போவதை விட்டுவிட்டுக் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று நடத்தினேன்.

தெரிந்தவர் ஒருத்தர் தலைவலி மாத்திரை ஒன்று ஒளித்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து நாய்க்குக் கொடு என்றார். நல்ல மனசு. நான் கொடுக்கவில்லை. நம் வயிறு வேறு, அதன் வயிறு வேறு. மாத்திரையை அவரே தின்றுவிட்டார். வீணாகவில்லை.

பெரிய வைத்தியத்தைச் செய்தது ஜப்பான்காரன்தான். வெண்ணெய் இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை. மரவள்ளி, அதுவும் பாதி வயிற்றுக்கு. சோபா கரைந்து உள்ளேயிருந்து ஒரு நாய் வெளியே வந்தது. இடுப்பு சுமக்கிற பாரம் குறைந்தது. நாங்கள் எல்லாரும் மெலிந்து கெட்டோம். அது ஒன்றுதான் மெலிந்து தேறியது.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. மழை நாளில் வரும். ஆனால் பெரிய ரோட்டில் லாரி திரும்பினால் எழுந்து ஓடியது. குரைத்தது. நான் புதருக்குள் போனேன். அன்றைக்கு அதன் தட்டில் அக்கா ஒரு கருவாட்டுத் தலை போட்டிருந்தார்.

இப்போது டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. உங்கள் வீட்டு நாய் சாக்கடையைச் சுற்றிப் போனால் சோம்பேறி என்று திட்டாமல் கொண்டு போய்க் காட்டுங்கள்.

இலவசப் படம்

எல்லாம் சரியாகப் போனபோது நான் படம் பார்க்கப் போனேன்.

இலவசம் என்றார்கள். பகல் காட்சி. யுத்தம் வந்த பிறகு நான் படமே பார்த்ததில்லை. படக் கொட்டகை வாசல் வரை பிஸ்கட் கூடவே வந்தது. "நாய் வேண்டாம்," என்று காவலாளி விரட்டினான். நான் மட்டும் உள்ளே போனேன்.

பாதிப் படத்தில் விளக்கு எரிந்தது. கதவெல்லாம் சாத்தியிருந்தது. வெளியே லாரிகள் நின்றன. என்னுடைய நாய் வெளியே எத்தனை குரைத்ததோ தெரியாது. உள்ளே படத்தில் பீரங்கிச் சத்தம்.

ஒரு பள்ளிக்கூடத் திடலுக்குக் கொண்டு போனார்கள். வரிசையாக உட்கார வைத்தார்கள். மேசை போட்டு ஒரு ஜப்பான்கார அதிகாரி. பக்கத்தில் பேர் எழுதிக்கொள்ள ஒரு தமிழ்க் கிராணி. அந்த அதிகாரி தேநீர் குடிப்பதைப் பார்த்தேன். தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே குடித்தார். மறு பக்கம் பல் வலி போல. யாரிடமும் சொல்லவில்லை போல.

நோயாளி இருந்தால் முன்னால் வா என்று கிராணி கத்தினார். முக்கால்வாசிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

முதல் ஆள் தரையில் விழுந்து "ஐயோ இடுப்பு, ஐயோ இடுப்பு" என்று புரண்டான். சிப்பாய் கம்பை ஓங்கினான். அவன் மான் மாதிரி துள்ளி எழுந்தான். லாரியில் ஏற்றினார்கள். அடுத்தவன் கண் தெரியாது என்றான். அதிகாரி ஒரு சிகரெட்டை நீட்டினார். கண் தெரியாதவன் சரியாக வாங்கிக்கொண்டான். அவனும் லாரிக்கு. ஒருத்தன் விடாமல் இருமினான். லாரியிலும் இருமிக்கொண்டே ஏறினான். பாவம், அது நிஜ இருமலோ என்னவோ.

எனக்குப் பயம்தான். சயாமுக்குப் போனவன் திரும்பி வந்ததாக நான் ஒருத்தனையும் பார்த்ததில்லை. ஆனால் கத்தினவன் ஒருத்தனும் தப்பவில்லை என்பதையும் பார்த்துவிட்டேன். நான் நோயாளி வரிசைக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன், ஒரு பக்கமாகச் சாய்ந்து.

என் முறை வந்தது.

"எழுந்திரு," என்றார் கிராணி.

கையை முன்னால் ஊன்றினேன். பின்பக்கத்தைப் பிறகு தூக்கினேன். பாதியில் நின்றேன். வேறு எங்கேயோ பார்த்தேன். பிறகு நிமிர்ந்து சில அடி விறைப்பாக வைத்தேன். போகப் போகச் சரியாக நடந்தேன்.

"என்னய்யா, காலு?"

"ஒண்ணுமில்லீங்க."

"வலியா?"

"இல்லீங்க. எந்த லாரிங்க?"

கிராணி கையைக் காட்டினார். லாரிப் பலகை நெஞ்சு உயரம் இருந்தது. அதன் மேல் கை வைத்தேன். உயரத்தைப் பார்த்தேன். ஏறவில்லை. தாழ்வான இடம் இருக்குமா என்று லாரியைச் சுற்றி மறு பக்கம் போனேன். பிஸ்கட் சாக்கடைக்குச் செய்தது அதுதான்.

பின்னாலிருந்து அதிகாரி கூப்பிட்டார். திரும்பி வந்தேன். அவர் எழுந்து வந்து என் இடுப்பில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். நான் கத்தவில்லை. உடம்பை இறுக்கினேன். நாக்கால் உதட்டைத் தடவினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் விரலை எடுத்துவிட்டார். தன் கன்னத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"போடா," என்றார் கிராணி. "உன்னை ஏத்துனா அங்க உன்னைத் தூக்க வேற ரெண்டு ஆளு வேணுமாம்."

மெதுவாகத்தான் நடந்தேன். திடல் கேட்டைத் தாண்டும்போது ஓட வேண்டும் போலக் கால் துடித்தது. ஓடவில்லை. கேட்டுக்கு வெளியே பிஸ்கட் நின்றது. லாரி பின்னாலேயே வந்திருக்கிறது. அத்தனை தூரம் ஓடியதில் அதற்கும் அன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே நடையாக வீடு வந்தோம். அது பாசாங்கு இல்லாமல், நான் பாசாங்கோடு.

எதிர் வீடு

தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அந்த மாசமே அந்தக் கிராணி அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டில் குடியேறினார்.

அப்புறம் என்ன. ஜப்பான்காரன் போகிற வரைக்கும் நான் நொண்டிதான். தண்ணீர் தூக்கினால் நொண்டினேன். கோயிலைச் சுற்றினால் நொண்டினேன். காலையில் வாசலில் நின்றால் கிராணி சன்னலில் நிற்பார். பாதியில் நின்று எழுந்திருக்க எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. பிஸ்கட் முன்னால் துள்ளிக்கொண்டு போகும், நான் பின்னால் இழுத்துக்கொண்டு போவேன்.

ஒரு நாள் கிராணி வழிமறித்தார்.

"ஏய் முனி, உன் நாயும்தானே நொண்டுச்சு? அது ஓடுது. நீ இன்னும் இழுக்கிற."

"அதுக்கு நாலு காலுங்க," என்றேன். "ரெண்டு போனாலும் ரெண்டு இருக்கு."

அவர் சிரித்தார். சிரித்தபடியே என் காலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அக்காவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்தால் மீன் சந்தைக்கே தெரியும். அதனால் அவரும் என்னை நொண்டி என்றே நம்பினார். அன்றைக்குச் சாயங்காலமே எண்ணெய்ப் போத்தலோடு வந்து என்னை முன்வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"காலை நீட்டு."

"வேண்டாங்க்கா. எண்ணெய்க்குப் பஞ்சம்."

"நாய்க்குக் கேட்டப்போ பஞ்சம் தெரியலையா? நீட்டு."

சாரோங்கைச் சொருகிக்கொண்டு தேய்த்தார். தெருவே கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே தேய்த்தார். சின்ன வயசில் இப்படி ஆகிவிட்டதே, இவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அவர் அமுக்குகிற இடத்தில் எல்லாம் நான் ஒழுங்காக உதட்டைத் தடவினேன். கிராணி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. சன்னலில் நிற்பதும் குறைந்தது.

நிமிர்ந்து நடந்த நாள்

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று சேதி வந்தது. கிராணி வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. ராவோடு ராவாகப் போய்விட்டார்கள்.

நான் கொட்டகையிலிருந்து நேராக நடந்து அக்கா வீட்டு வாசலுக்கு வந்தேன். அவர் மரவள்ளி துருவிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார். துருவலை நிறுத்தவில்லை.

"கால் சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையிலதான்."

"ம்." இன்னும் கொஞ்சம் துருவினார். "நாய்க்கு ஒரு மாசத்துல கேட்டுச்சு. உனக்கு இத்தனை நாள் கேக்கலை. அப்பவே தெரியும் எனக்கு, வலி உன் கால்ல இல்லை, எதிர் வீட்டுல இருக்குன்னு."

"அப்புறம் ஏங்க்கா தினமும் தேச்சீங்க?"

"நாயோட நொண்டிக்கு எண்ணெய் தேச்சே. உன் நொண்டிக்கு யாரும் தேய்க்கலைன்னா அந்த ஆளு நம்புவானா?"

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருடைய எண்ணெய் அத்தனையும் என் காலில் போயிருக்கிறதே என்றேன்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணெயா? முதல் வாரம் எண்ணெய். அப்புறம் எல்லாம் மரவள்ளி மாவு கரைச்ச தண்ணி. அதே போத்தல்ல ஊத்தினேன். நீ உதட்டைத் தடவுறதுலயே கவனமா இருந்தே, உனக்கு எங்க தெரியப் போவுது?"

தேய்த்து முடித்ததும் பிஸ்கட் தினமும் வந்து என் காலை நக்கும். என் மேல் அதற்கு எவ்வளவு பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.